பத்தரைக்கு மேல் டீச்சர் இல்லை

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று தெரிந்ததும் எங்கள் ஊரான குடுமியான்மலையில் முதலில் வரும் கேள்வி, "ஏன், ஃபீஸ் கட்ட முடியலையா?" அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். அடுத்தது, "நாள் முழுக்க எப்படித்தான் சமாளிக்கிறீங்க?" நாள் முழுக்கச் சமாளிப்பதில்லை என்பதுதான் என் பதில்.

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்தரைக்குப் படிப்பு முடிந்துவிடும். கணக்கு, தமிழ், இங்கிலீஷ், அவர்கள் விரும்பி எடுக்கிற ஏதாவது ஒன்று. அதற்கு மேல் நான் டீச்சர் இல்லை. மத்தியானம் சந்தேகம் வந்தால் மறுநாள் காலையில் கேட்கலாம். கறாராகத் தோன்றும். ஆனால் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்துபோன அம்மாவை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டிலும் படுக்கையிலும் டீச்சராகவே இருந்து ஓய்ந்துபோனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். குழம்பு கொதிக்கும்போது "உப்பு ஏன் கரையுது, சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்தால் குழம்பும் கெடும், பாடமும் கெடும்.

மத்தியானத்தை விட்டுவிடும் விஷயத்தில் எனக்குத் துணை காந்தி. 1910 இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் பிள்ளைகளுக்கு அவரே ஆசிரியர். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்தார். காலையெல்லாம் உடல் உழைப்பு, ஆகவே பள்ளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், ஆசிரியரும் தூங்கி வழிவார். கண்ணில் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தும் சில நாள் பலிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் நான் அந்தத் தண்ணீரை வீணாக்குவதில்லை. பாயை விரித்துவிடுகிறோம்.

நெல் அளக்க, படி மரக்கால் கணக்குப் போட அப்பத்தா இருக்கிறார். அவர் சொல்லிக்கொடுப்பதில் நான் தலையிடுவதில்லை. புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தாலும் அந்த நேரத்தில் வாயைத் திறப்பதில்லை. இது எளிதில் வராத பழக்கம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரோஸ்காமும் மிக்கோலாய்சாக்கும் 42 நாட்டுப் பெற்றோரை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட முடிவு, தனிமனித வாழ்க்கைமுறை மேலோங்கிய நாடுகளில்தான் பெற்றோர் அதிகம் சோர்ந்துபோகிறார்கள் என்றது. பக்கத்து வீட்டில் சித்தி, எதிர் வீட்டில் மாமா என்றிருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஒருத்தியே இழுத்துப் போட்டுக்கொள்வது வீம்பு.

எனக்கென்று ஒரு படிப்பும் வேண்டும். எனக்கு அது கிரந்த எழுத்து. எங்கள் ஊர் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் அந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகள், வரிக்குப் பதினாறு தொகுதிகள், தொகுதிக்கு நான்கு சுரங்கள். வெட்டச் சொன்ன அரசன் மகேந்திரவர்மன் என்பார்கள், கல்லில் அந்தப் பெயர் இல்லை. ருத்ராசாரியரின் மாணவன் என்பதும், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்பதும் இருக்கின்றன. நோட்டில் வரைந்து வைத்த எழுத்தோடு ஒப்பிட்டு ச, சி, சு, செ என்று நான் தடவித் தடவிப் படிக்கும்போது சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரியில் அறுபத்து நான்கு சுரம் என்று பெருக்கிச் சொன்னான். நான் கேட்கவில்லை. அவனைப் பாராட்டவும் இல்லை, என் வரி விட்டுப்போய்விடும்.

"பிள்ளைங்க பின்தங்கிடுமோ" என்ற பயம்தான் பாதி அலுப்பு. அது வரும்போது முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள்வேன். 1886 இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றுபோய், வீட்டிலிருந்தே மெட்ரிகுலேஷன் எழுதி, 1912 இல் டாக்டரானார். இன்றைக்கு வழி இன்னும் நேர். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம், ஒன்றாவது மொழிப் பாடமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. அதுவரை வருடாவருடம் ரேங்க் பார்க்கும் வேலை எனக்கு இல்லை.

பெரியவளுக்கு அடுத்த வருடம் பதினான்கு. பாடப் பட்டியலில் கர்நாடக இசையும் இருக்கிறது. பாறையைப் பார்த்தே வளர்ந்தவள், அதைத்தான் எடுப்பாள் என்று நினைத்திருந்தேன். மனையியல் என்று டிக் போட்டு வைத்திருக்கிறாள்.