வெள்ளாட்டுக்கு எஸ் உண்டு, செம்மறிக்கு இல்லை

எங்க ஊர் சேந்தமங்கலம். எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்கு, நாமக்கல்லுல இருந்து கொல்லிமலை போற வழியில இருக்கு. காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு ஏறுனா மலை. மலைக்குப் போறவங்க பஸ் ஜன்னல் வழியா பாத்துட்டுப் போற ஊர்தான் நம்ம ஊர். நான் ஆறாவது படிச்சது 1980-களில். அப்போ நாங்க சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்.

அந்த ஆறாவதுலதான் எங்களுக்கு நவுன் அறிமுகமாச்சு. ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட்னு அஞ்சு. மொத்த வகுப்பும் ராகம் போட்டு கத்துவோம். சேந்தமங்கலம்னா ப்ராப்பர், ஊர்னா காமன், மந்தைன்னா கலெக்டிவ், தங்கம்னா மெட்டீரியல், பயம்னா அப்ஸ்ட்ராக்ட். கடைசி ஒண்ணு மட்டும் உதாரணம் இல்லாமலே எங்களுக்குப் புரிஞ்சுது. வாத்தியார் கையில பிரம்பு இருந்துச்சே :-)

அடுத்த வாரம் சிங்குலர், ப்ளூரல். என் பக்கத்துல உக்காந்திருந்தவன் வீட்டுல ஆட்டுப்பட்டி இருந்துச்சு. வாத்தியார் அதனாலயோ என்னமோ அவனை எழுப்பி, "பத்து வெள்ளாடு, இங்கிலீஷ்ல சொல்லு"ன்னார். "டென் கோட்". ஒரு அடி. எஸ் எங்கடா? சரின்னு மனசுல வாங்கிக்கிட்டான். "பத்து செம்மறி?" இந்தத் தடவை உஷாரா, "டென் ஷீப்ஸ்". ரெண்டாவது அடி. ஷீப்புக்கு எஸ் கிடையாதாம்.

அவன் கையைத் தேய்ச்சுக்கிட்டே கேட்டான் பாருங்க ஒரு கேள்வி. "வெள்ளாட்டுக்கு எஸ் போடணும், செம்மறிக்கு போடக்கூடாதா? எங்க பட்டியில ரெண்டும் ஒண்ணாத்தானே சார் நிக்குது?"

வகுப்பே சிரிச்சுது. வாத்தியாரும் பதில் சொல்லல, திமிருன்னு இன்னொரு அடி வெச்சார். அன்னைக்கு சாயந்திரம் அவனுக்கு "எஸ்"ன்னு பேர் வெச்சது நான்தான். பத்தாவது வரைக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் இங்கிலீஷ் வகுப்புல அவன் வாயே திறக்கல. பத்தாவதுல இங்கிலீஷ் மட்டும் போச்சு. மறுபடி எழுதல, லாரியில கிளீனரா ஏறிட்டான்.

இத்தனை வருஷம் கழிச்சு யோசிச்சா, அந்த வகுப்புல கேட்ட கேள்வியிலயே உருப்படியான கேள்வி அதுதான். அதுக்கு பதிலும் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் எஸ் போடற வழக்கம் கிடையாது. பெயர்ச்சொல்லு கூட்டம் கூட்டமா பிரிஞ்சு கிடந்துச்சு. ஒரு கூட்டத்துக்கு எஸ் மாதிரி விகுதி, இன்னொண்ணுக்கு "என்", ஒண்ணுக்கு நடு எழுத்து மாறும், ஒண்ணுக்கு எதுவுமே மாறாது. ஷீப், டீர் எல்லாம் அந்த மாறாத கூட்டம். வெள்ளாடு நடு எழுத்து மாறுற கூட்டம், ஃபுட் - ஃபீட் மாதிரி. அதாவது கோட்டுக்கும் அந்தக் காலத்துல எஸ் கிடையாது! பின்னாடி எஸ் ஒவ்வொண்ணா முழுங்கிக்கிட்டே வந்தப்போ கோட் மாட்டிக்கிச்சு, ஷீப் தப்பிச்சுது, ஆக்ஸன் பழைய "என்"னோட அப்படியே நின்னுச்சு. சில்ட்ரன்ல ரெண்டு பன்மை விகுதி இருக்கு. பழைய "ரு" பத்தாதுன்னு மேல "என்"னும் போட்டாங்க. நாம அவர்-னு சொன்னாலே மரியாதைப் பன்மை, அதுமேல கள் போட்டு அவர்கள்-னு ஆக்குன கதைதான்.

சரி, "டென் கோட்" ஏன் வந்துச்சு? அவன் மக்குங்கறதால இல்ல. அவன் தமிழ் பேசறவன். "பத்து ஆடு வாங்கினேன்"னுதான் நம்மூர்ல எல்லாரும் சொல்வோம். பத்துன்னு சொன்னதுக்கப்புறம் ஆட்டுக்கு வேற எதுக்கு பன்மை? இதுக்கு இலக்கணமே இருக்கு. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டுல எழுதின நன்னூல்ல "பால்பகா அஃறிணைப் பெயர்"னு வரும். மாடு வந்தது, மாடு வந்தன - பேர் அப்படியே நிக்கும், ஒண்ணா பலவான்னு வினைச்சொல்லு சொல்லிரும். ஆனா மனுசன்னு வந்தா கதை வேற. "பசங்க வந்தாங்க"ன்னுதான் சொல்லணும். உயர்திணைக்கு ஒரு கணக்கு, அஃறிணைக்கு ஒரு கணக்கு. இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பாகுபாடு இல்ல, பையனும் எஸ்தான், வெள்ளாடும் எஸ்தான். இந்த வித்தியாசத்தை ஒரே ஒரு தடவை கரும்பலகையில எழுதிப் போட்டிருந்தா பாதி பிரம்பு மிச்சம்.

"ஷீப்ஸ்" வந்த காரணம் இன்னும் சுலபம். விதியைப் புரிஞ்சுக்கிட்டான், போட்டான். இங்கிலீஷே தாய்மொழியா இருக்கற குழந்தைங்களும் ஃபுட்ஸ், மவுஸஸ்னு சொல்லித்தான் வளருது. 1958-ல் ஜீன் பெர்கோங்கறவங்க அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. இல்லாத ஒரு பிராணியை படம் போட்டு "இது வக்"ன்னு காட்டி, ரெண்டு இருந்தா என்னன்னு கேட்டாங்க. கேள்வியே படாத வார்த்தைக்கு குழந்தைங்க "வக்ஸ்"னு பதில் சொல்லுச்சு. மனப்பாடம் பண்ணல, விதி உள்ள ஏறியிருக்குன்னு அதுக்கு அர்த்தம். அங்க அது ஆராய்ச்சி, இங்க அடி.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில "டேய் மாப்ளே"ன்னு ஒரு குரல். அவன்தான். லாரி ஓட்டி, இப்ப சொந்தமா ஒரு வண்டி வெச்சிருக்கான். நாமக்கல் முட்டை, குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசின்னு லோடு ஏத்தாத சரக்கு இல்ல. வீட்டுக்கு கூட்டிட்டுப் போனான். போன்ல யாரோ கூப்பிட, பத்து நிமிசம் ஹிந்தியில வெளுத்து வாங்குறான். ஏக் லட்கா, தோ லட்கே. ஆனா ஏக் கர், தோ கர். கர்-னா வீடு, பன்மையில மாறாது. ஷீப் மாதிரியே! "இதெல்லாம் எப்படிடா கத்துக்கிட்டே?"ன்னேன். "தாபாவுல பேசிப் பேசி வந்துச்சு. தப்பா பேசினா சிரிப்பானுங்க, ஆனா சோறு போட்டுருவானுங்க"ன்னான். எனக்கு டீ உள்ள இறங்கல.

அவன் பொண்ணு ஆறாவது. இங்கிலீஷ் நோட்டை எடுத்துட்டு வந்து, "மாமா, அட்வைஸஸ், ஃபர்னிச்சர்ஸ்னு எழுதினேன், மிஸ் தப்புன்னு சுழிச்சிட்டாங்க. ஏன்?"னு கேட்டுச்சு.

"உங்கப்பா வண்டியில ஜவ்வரிசியை எப்படி கண்ணு எண்ணுவாங்க?"

"மூட்டைக் கணக்குல."

"முட்டையை?"

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம். ட்ரேன்னா முப்பது."

"அவ்வளவுதான். முட்டை எண்ணுற சாமான், எஸ் போடு. ஜவ்வரிசி எண்ண முடியாத சாமான், எஸ் மூட்டைக்குத்தான். ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ் எல்லாத்தையும் இங்கிலீஷ்காரன் ஜவ்வரிசி பக்கம் வெச்சுட்டான். பீஸ்ங்கறது அதோட மூட்டை. டூ பீஸஸ் ஆஃப் அட்வைஸ்."

பொண்ணு புரிஞ்சுதுன்னு தலையாட்டுச்சு. அவன் கதவுல சாஞ்சு நின்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் மெதுவா, "அப்படியே அந்த செம்மறி கதையையும் சொல்லிருடா, ரொம்ப நாளா பாக்கி"ன்னான். சொன்னேன். கோட்டுக்கும் முன்னாடி எஸ் இல்லைன்னதும், "பாத்தியா, நான் கேட்டது சரிதானே"ன்னு பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டான்.

கிளம்பறப்போ வாசல்ல நின்னு, "டேய், அந்தப் பேரை வெச்சது நான்தான்டா"ன்னேன்.

"தெரியும். பக்கத்துல உக்காந்தவனைத் தவிர யாரு வெப்பா? போடா, பஸ்ஸு வந்துரும்."

டிஸ்கி: இதைப் படிக்கிறவங்கள்ல வாத்தியாருங்க யாராவது இருந்தா, ஒரு புள்ளை "டென் கோட்"னு சொன்னா உடனே திட்டாதீங்க. "நம்ம தமிழ்ல அப்படித்தான், இங்கிலீஷ்ல மட்டும் ஒரு எஸ் சேத்துக்கோ"ன்னு சொல்லிப் பாருங்க. ஒரு நிமிசம்தான் ஆகும்.