மறைக்க இடமில்லாத மேசை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கி வரும் நிலத்தில் பெரியகல்லாறு இருக்கிறது. அங்கே வீட்டு வளவில் தகரக் கொட்டில் போட்டு நடக்கும் தச்சுப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். அலுமாரி, கட்டில், கதவு, நிலை இவைதான் வழக்கமான வேலை. அன்று கையிலிருந்தது ஒரு கோப்பி மேசை. நோர்வேயில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், இங்கே கட்டும் தன் வீட்டுக்கு அந்த நாட்டுப் பாங்கில் கேட்டிருந்தார். தேக்குப் பலகை, நுனி மெலியும் நாலு கால், கீழ்த்தட்டுக்குப் பன்புல் பின்னல். பூவேலையும் இல்லை, வார்னிஷும் இல்லை.

"பார்க்க லேசு தம்பி, செய்யத்தான் கஷ்டம்" என்றார் மூத்த ஆசாரி. பூவேலை இருந்தால் பொருத்தின் இடைவெளி அதற்குள் ஒளிந்துகொள்ளும். புட்டி வைத்துக் கறுத்த வார்னிஷ் அடித்தாலும் மூடிவிடலாம். இந்த மேசையிலோ கழுந்து துளைக்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்பது வெளியே தெரியும். நாலு காலின் சரிவும் ஒத்துவர, அட்டையில் ஓர் அளவு வெட்டி வைத்துக்கொண்டு, சீவுளி ஓடி முடிந்த ஒவ்வொரு முறையும் அதை வைத்துப் பார்த்தார்.

பிறகு காற்றைப் பற்றிச் சொன்னார். "கச்சான்ல இறுக்கின பலகை மாரியில வீங்கும். மாரியில இறுக்கினது கச்சான்ல வெடிக்கும்." மரம் நீளவாக்கில் அசைவது அற்பம், அகலவாக்கில்தான் அசையும். பச்சைத் தேக்கு முற்றாகக் காயும்போது அகலத்தில் 5 சதவீதமளவு சுருங்கக்கூடும். ஆனி, ஆடியில் வறண்ட கச்சான், கார்த்திகை தொடங்கினால் மாரி, எந்நாளும் வாவியின் ஈரம். ஆகவே அரிந்த பலகைகளை இடையிடையே சட்டம் வைத்து நிழலில் அடுக்கி, மாதக் கணக்கில் காயவிடுகிறார்கள். மேல்பலகையைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. நீள்துளை வழியே திருகாணி பூட்டுகிறார்கள். பலகை அசைய அது இடம் விடும்.

பன் பின்னுகிறவர் அயல்வீட்டு அம்மா. வாவிக்கரையில் அறுத்து வெயிலில் காயவைத்த பன்னில் பாய் இழைப்பதே அவர் தொழில். தட்டுக்கு வேறு முறை. பன்னை நனைத்து முறுக்கிச் சட்டத்தில் சுற்ற வேண்டும். காய்ந்தால் அது மெலியும் என்பதால் ஒவ்வொரு வரிசையையும் நெருக்கித் தள்ளியபடியே போகிறார்.

இதே எளிய பாங்கில் தளபாடம் வடிவமைத்த டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னரும் சிறுவயதிலேயே தச்சரிடம் தொழில் பயின்றவர்தான். 1949இல் அவர் வரைந்த கதிரை ஒன்று 1950 முதல் இன்றுவரை செய்யப்படுகிறது. அதன் இருக்கைக்கு ஏறத்தாழ 120 மீற்றர் காகிதக் கயிறு கையால் பின்னப்படுகிறது. வாங்குகிறவர் அந்தக் கைவேலைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

இங்கே பூவேலை நிறைந்த அலுமாரிக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்களே, "மரம் கொஞ்சம், பூவும் இல்லை, ஏன் இந்த விலை?" என்று இப்படியான மேசைக்குப் பேரம் பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் மரத்துக்குத்தான் அவர்கள் மனதில் விலை இருக்கிறது. காயவைத்த மாதங்களும் அளந்து அளந்து சீவிய நேரமும் பன் முறுக்கிய விரல்களும் கணக்கில் வருவதில்லை. விலைச்சீட்டில் இவை ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுக்கும்படி ஆசாரியிடம் சொன்னேன். எளிமையான பொருளை விரும்புகிறவர்கள் அந்தச் சீட்டை முழுதாக வாசித்து, முழுதாகவே கொடுக்க வேண்டும்.