இரண்டு வருடக் கணக்கு

“ரெண்டு வருஷம் மேடம். அதுக்கு மேல சொந்தக்காரங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது.” தறிக்குழியிலிருந்து எழாமலே சொன்னார் என் மாணவியின் அப்பா. 2024 ஜூன் மாதம். ஆரணியில் அவர்கள் வீட்டுத் தறியின் ஓரம் பாயில் உட்கார்ந்து அவளுக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் அப்போதுதான் இளங்கலைக் கணிதம் முடித்திருந்தாள். என்னிடம் படித்தது பொதுத்தமிழ் மட்டும். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் கலிப்பாவின் உறுப்புகளை நடத்தும்போது ‘தரவு’ என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் சிரிப்புச் சத்தம். “ராத்திரியில நான் படிக்கிறதும் அதுதான் மேடம்” என்றாள். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் சேர்ந்திருந்தாள். ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் இடம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பம் என்பதால் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. மிச்சத்தைப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த 1000 ரூபாயில் கட்டினாள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த திட்டம்தான் 2022இல் பெண்கள் படிக்கப் பணம் தரும் திட்டமானது. அந்த அம்மையாரின் பெயருக்கு அப்போதுதான் நியாயம் கிடைத்தது என்பேன்.

பகலில் ஒரு கல்லூரி, இரவில் இன்னொரு பட்டம் என்பதற்கு முன்பு விதியில் இடமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில்தான் அறிவித்தது. முதுகலைக் கணிதத்தில் சேர அந்தச் சுற்றறிக்கையின் நகலோடு ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “பொண்ணுக்கு எதுக்கும்மா ரெண்டு?” என்றார். மூன்று முறை அலைந்த பிறகு இடம் கிடைத்தது.

அதற்கு முன்னால் அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. “ரெண்டே வருஷத்துல முதுகலையும் முடிஞ்சிடும், ஐஐடி பட்டமும் கைக்கு வந்துடும்” என்றேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றும் சொன்னதாக நினைவு. அவர் தலையசைத்தார். ஜெயித்துவிட்ட மிதப்பில் பேருந்து ஏறினேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளங்கலையையும் முதுகலையையும் சேர்த்து ஐந்தாண்டில் முடிக்கும் ஏற்பாடு உண்டு. மேல்நிலைப் பாடங்கள் சிலவற்றை அங்கே இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆண்டு மிச்சமாவது அதனால்தான். இவளுக்கு அப்படி எதுவும் மிச்சமாகவில்லை. நேரியல் இயற்கணிதத்தை ஐஐடிக்காக ஒரு முறை படித்தாள், முதுகலையில் நிரூபணங்களோடு மறுபடி படித்தாள், இரண்டு இடத்திலும் தேர்வு எழுதினாள். (அதில் வரும் மேட்ரிக்ஸுக்குத் தமிழில் ‘அணி’ என்று பெயர் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி, அவளுக்கு அதை ரசிக்க நேரமில்லை.) காணொளிப் பாடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாள். தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அதுவும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். துணைக்கு அம்மா வருவார்.

அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மகள் சுற்றிக்கொடுத்த தாரை இப்போது அவரே சுற்றினார். பழைய பாவு தீர்ந்து புதியதைப் பிணைக்கும் நாளில் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க முன்பு நான்கு கைகள் இருந்தன, இப்போது இரண்டு. அவள் செய்த ஒரு பயிற்சிக்கு 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டாள். நாட்டில் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள், 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். அம்மா அதில் ‘துணைத் தொழிலாளி’ பட்டியலில் வருவார். “அம்மா எத்தனை மணி நேரம் வேலை செய்றாங்கன்னு எந்தப் பத்தியிலயும் இல்ல மேடம்” என்றாள். அந்த மணி நேரங்களில்தான் இவள் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பருவத் தேர்வு முடிந்த மார்கழியில் கல்லூரிக்கு என்னைப் பார்க்க வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மெய்ப்பகுப்பாய்வில் ஒரு தேற்றத்தோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க ஆசை, இரண்டு பக்கமும் ஓடியதில் எதுவும் உள்ளே இறங்கவில்லை என்றாள். ஐஐடியில் அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு பாடம்தான் எடுக்கப்போகிறாளாம். “அவங்க எட்டு வருஷம் வரைக்கும் டைம் கொடுக்கறாங்க மேடம். வீட்லதான் ரெண்டு வருஷம்.”

எனக்குச் சுருக்கென்றது. முனைவர் பட்டத்துக்கு நான் ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டவள். குழந்தை, மாமியாரின் நோய், பகுதிநேர வேலை என்று அந்த மெதுவை என்மேல் பிறர் ஏற்றினார்கள். அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அதனால்தானோ என்னவோ, இவளாவது சீக்கிரம் முடிக்கட்டும் என்று வேகத்தை நான் ஏற்றிவிட்டேன். அப்பா கெடு வைத்தார். அந்தக் கெடு சரிதானா என்று கேட்காமல், அதற்குள் எவ்வளவு அடைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நாடாவை நிறுத்தினார்.

“ரெண்டு வருஷத்துல எல்லாம் முடியும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

“சொன்னேங்க. தப்பாச் சொல்லிட்டேன்.”

அவர் பதில் பேசவில்லை. அம்மா ராட்டையை ஓரமாகத் தள்ளி, நான் உட்காரப் பாயை விரித்தார். “எத்தனை வருஷம்னு இப்பவாவது சரியாச் சொல்லுங்க” என்றார் என்னைப் பார்த்து. நான் அவளைப் பார்த்தேன். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.