மறைப்பது பெட்டியை, நம்மையல்ல

புதையல் என்னும் சொல்லுக்கு வயது வேறுபாடு கிடையாது. பாட்டிமார் சொல்லும் கதைகளில் அதற்குப் பூதம் காவல் இருக்கும். திறப்பதற்கு மந்திரம் வேண்டும். இன்று மேலை நாடுகளில் இலட்சக்கணக்கானோர் தேடிச் செல்லும் ஒரு புதையலுக்கோ காவலும் இல்லை, பூட்டும் இல்லை. உள்ளே பொன்னும் இல்லை. ஒரு சிறு குறிப்பேடும், பென்சிலும், பிள்ளைகள் மகிழ்வதற்கான சில விளையாட்டுப் பொருள்களுமே இருக்கும். கண்டெடுத்தவர் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ‘ஜியோகேச்சிங்’ என்று இவ்விளையாட்டுக்குப் பெயர்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கும் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, பத்து வயதுப் பேரன்தான் இதனை எனக்கு அறிமுகப்படுத்தினான். சனிக்கிழமை தோறும், “நன்னா, வாங்க, இன்னிக்கு ரெண்டு பெட்டி தேடணும்” என்று கையைப் பிடித்து இழுப்பான். சிறுபிள்ளை விளையாட்டுத்தானே என்றுதான் உடன் சென்றேன். அதன் ஒழுங்குமுறைகளை அறிய அறிய, அந்நிய மண்ணில் வாழும் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தி அதற்குள் இருப்பதை உணர்ந்தேன். பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் பெற்றோர்க்கும், அங்கேயே பிள்ளை வளர்ப்போர்க்கும் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

பிறந்த வரலாறு

செயற்கைக்கோள்களின் துணையால் இடமறியும் கருவி முன்பே இருந்தது. ஆயினும் பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்ததால், அது காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. உடனே மே 3ஆம் நாள், டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகே கறுப்பு நிற பிளாஸ்டிக் வாளி ஒன்றை ஒளித்து வைத்தார். புத்தகம், ஒளிநாடா, கவண், சிறிது பணம், அவரைப் பயற்று டின் ஒன்று ஆகியவை அதில் இருந்தன. அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். ஏதேனும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏதேனும் வையுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள் என்பதே அவர் விதித்த நிபந்தனை. சில நாள்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன.

இங்கிலாந்தில் இதற்கு மூத்த உறவும் ஒன்று உண்டு. டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தில், வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் 1854ஆம் ஆண்டில் கிரான்மியர் என்னும் தொலைவிடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் செல்வார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அல்மர் வைத்த வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது. அதில் உணவும் இருந்தது. இன்றைய விதிப்படி இவ்விரண்டுமே கூடா. தோண்டினால் பிறர் நிலம் பாழாகும். உணவின் வாடை விலங்குகளை ஈர்க்கும், அவை பெட்டியைக் கடித்துக் குதறும். அனுபவத்தால் ஒழுக்கம் கற்றுக்கொண்ட விளையாட்டு இது.

தேடுவோர்க்கு

கைப்பேசியில் இதற்கான செயலியைத் திறந்தால், அருகிலுள்ள பெட்டிகள் வரைபடத்தில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது ஒன்று. சென்றடையும் வழி எவ்வளவு கடினம் என்பது மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை. வழிக்கு 1 என்றிருந்தால் சக்கர நாற்காலியிலும் செல்லலாம் என்று பொருள். முழங்கால் வலியுள்ள என் போன்றோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

கருவி பெட்டியின் மேலேயே கொண்டு போய் நிறுத்தும் என்று எண்ணிவிடக் கூடாது. மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் 5 மீட்டர், 10 மீட்டர் தவறுவது இயல்பு. ஆகவே அருகில் சென்றதும் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். இயற்கையாக விழாமல் யாரோ அடுக்கியது போன்ற சுள்ளிக் குவியல், வேரடியில் பொருத்தமில்லாமல் கிடக்கும் கல், மரப்பொந்து ஆகியவையே அடையாளங்கள். முன்னர் வந்தவர்களின் குறிப்புகளைப் படித்தால், பெட்டி இன்னும் அங்கே இருக்கிறதா என்பதும் விளங்கும்.

பெட்டிகள் பலவகை. பெரியது பழைய இராணுவத் தோட்டாப் பெட்டியாக இருக்கும். நடுத்தரமானது இறுக மூடும் உணவு டப்பா. மிகச் சிறியது கேமரா பிலிம் சுருள் டப்பி. சிறியவற்றில் சுருட்டிய காகிதம் மட்டுமே இருக்கும். எழுதுகோலை நாம்தான் கொண்டு செல்ல வேண்டும். பொருள் எடுத்தால் அதற்கு ஈடான, அல்லது அதனினும் மேலான பொருளை வைக்க வேண்டும். உணவு, கத்தி, தீப்பெட்டி, மருந்து ஆகியவற்றை வைக்கலாகாது. எண் பொறித்த உலோகத் தகடு சிலவற்றில் இருக்கும். அது ஊர் ஊராகப் பயணம் செய்ய அனுப்பப்பட்டது. எடுத்தவர் வேறொரு பெட்டியில் சேர்க்க வேண்டுமேயன்றி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது கைமாறிச் செல்லும் அமானிதம்.

யார்க்ஷயர் வயல்வெளிகளில் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய வேலிச் சுவர்கள் மைல் கணக்கில் நீளும். ஒரு கல்லைப் பிடுங்கினால் ஒரு பகுதியே சரியும், ஆடுகள் வெளியேறும். ஒழுக்கமறிந்தவர்கள் அவற்றில் பெட்டி வைப்பதுமில்லை, கல்லை அசைத்துத் தேடுவதுமில்லை. மின்சாரப் பெட்டிகளைத் தொடுவதும் கூடாது. திறந்த வாயிற்கதவைச் சாத்திவிட்டு நடக்க வேண்டும். பெட்டியை முன்பு எவ்வாறு மூடியிருந்ததோ அவ்வாறே மூடி வைக்க வேண்டும். ‘நன்றாகத்தான் ஒளிப்போமே’ என்று இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டால், அடுத்து வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே பதிவு செய்ய வேண்டும். மூவர் அவ்வாறு எழுதினால், வைத்தவர் ஐயுற்று வந்து பார்ப்பார். கண்டதாகப் பொய் எழுதினால் தடுக்க யாருமில்லை. ஆயினும் அந்தப் பொய் இல்லாத பெட்டியைத் தேடிப் பலரை அலைய வைக்கும்.

கால்வாய்க் கரையில்

லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்கும் பழைய கால்வாயின் கரைப்பாதையில் ஒரு காலை நேரம். பேரன் ஓர் இருக்கையின் பின்னால் இருந்த மரத்தடியில் துழாவிக்கொண்டிருந்தான். தாடியும் தொப்பியுமாக நான் குனிந்து அவனுக்கு உதவினேன். மருமகன் சற்றுத் தள்ளி நின்றார். நாயுடன் நடந்து வந்த ஒரு மாது திடீரென நின்று, கையில் கைப்பேசியுடன் எங்களையே பார்த்தார். பார்வையில் அச்சம் தெரிந்தது.

இவ்விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விவரமறியாத வழிப்போக்கர் வந்தால், காலணிக் கயிறு கட்டுவது போலவோ பறவையைப் பார்ப்பது போலவோ பாசாங்கு செய்து, அவர் போனபின் தேடுவார்கள். பெட்டி பாழாகாமலிருக்க அது நல்ல உபாயம்தான். நானும் சற்று விலகப் போனேன். மருமகனோ, “மாமா, ஒதுங்க வேணாம். நேரா சொல்லிடுவோம்” என்று சொல்லிவிட்டு, அம்மாதை நோக்கிக் கையுயர்த்திக் காலை வணக்கம் கூறினார், என்ன தேடுகிறோம் என்பதையும் விளக்கினார். பேரன் ஓடிச்சென்று கைப்பேசியின் வரைபடத்தைக் காட்டினான். அவர் முகம் மலர்ந்தது. நாள்தோறும் அவ்வழியே நடந்தும் தமக்குத் தெரியவில்லையே என்று வியந்து, எங்களுடன் நின்று, பிலிம் டப்பி கிடைத்ததும் கைதட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் இதனைக் கேட்ட மகள் மகிழவில்லை. “இந்த விளையாட்டே வேணாம் அத்தா. வேற பிள்ளை சுவத்தடியில கைய விட்டா விளையாட்டுன்னு நினைப்பாங்க. நம்ம பிள்ளை விட்டா என்ன நினைப்பாங்க?” என்றாள். மருமகனோ, “பயந்து பயந்து ஒதுங்கினா, இது தன்னோட ஊருன்னு அவன் எப்ப நினைப்பான்?” என்று கேட்டார். 

மகளின் அச்சம் ஆதாரமற்றதன்று. லீட்ஸிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெதர்பி என்னும் சிற்றூரில், 2011ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு சிற்றுண்டிச்சாலை அருகே ஒருவர் சிறு பெட்டியொன்றை வைப்பதைக் கண்டவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தனர். தெரு மூடப்பட்டது, இராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். பிறகுதான் தெரிந்தது, அது இவ்விளையாட்டின் பெட்டியென்று. யாராயினும் மறைவாக நடந்துகொண்டால் ஐயம் எழத்தான் செய்யும். நம்மவர் மீது அது இன்னும் விரைவாக எழும் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அன்றிரவு மூவரும் அமர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பகலில் மட்டுமே தேடுவது. பள்ளிக்கூடம், இரயில் நிலையம், அரசு அலுவலகம் இவற்றின் அருகில் உள்ளவற்றை விட்டுவிடுவது. பெரியவர் ஒருவர் உடனிருப்பது. எவரேனும் பார்த்தால் அவர் கேட்கும் முன்பே நாமே முகமன் கூறி உண்மையைச் சொல்லிவிடுவது. அதனால் ஒரு பெட்டியின் இரகசியம் வெளியானால் போகட்டும். ஒரு டப்பியை இழக்கலாம். அண்டை அயலாரின் நம்பிக்கையை இழக்கலாகாது.

ஒளிப்போர்க்கு

சில வாரங்களில் பேரனுக்குத் தானே ஒரு பெட்டி வைக்கும் ஆசை வந்தது. “பள்ளிவாசல் சுவர் ஓரமா வைப்போமா?” என்று கேட்டான். மருமகன் உடனே மறுத்தார். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 உயிர்கள் பறிக்கப்பட்ட பின், தொழ வருவோர் எல்லா ஊர்களிலும் விழிப்புடன் இருக்கின்றனர். முன்பின் அறியாத ஒருவர் வந்து சுவரடியில் துழாவினால் அவர்கள் எப்படி நிம்மதியாகத் தொழுவார்கள்? தேடி வந்த அப்பாவியின் நிலைதான் என்னவாகும்?

நாம் வைக்கும் ஒவ்வொரு பெட்டியும் முகமறியாத ஒருவரை அந்த இடத்திற்கு அழைக்கும் அழைப்பிதழாகும். விருந்தினரை எந்த இடத்திற்கு அழைப்போமோ, அத்தகைய இடத்தில்தான் அதனை வைக்க வேண்டும். முள்ளும் பள்ளமும் உள்ள இடமா? இருட்டிவிட்டால் அபாயமா? அங்கே குனிந்து தேடுபவர் திருடரென்று கருதப்படுவாரா? இவற்றையெல்லாம் வைப்பவரே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் நிபந்தனை, நிலத்துக்குரியவரின் அனுமதி. பக்கத்து வீட்டில் தனியே வசிக்கும் முதிய ஆங்கிலேய அம்மையாரிடம் பேரனே சென்று கேட்டான். அவர் வீட்டு வேலியை ஒட்டிப் பொதுநடைபாதை செல்கிறது. அவர் மூன்று கேள்விகள் கேட்டார். இரவிலும் வருவார்களா? வேலியில் குருவி கூடு கட்டும் காலத்தில் கலைப்பார்களா? பெட்டி உடைந்தால் சரிசெய்வது யார்? பொருத்தமான கேள்விகள்! பகலில் மட்டும் வருக என்று குறிப்பில் எழுதுவதாகவும், வேலிக்குள் அன்றி வாயிற்கம்பத்தின் அடியில் கல்லுக்குப் பின் வைப்பதாகவும், மாதம் ஒருமுறை தானே வந்து பார்ப்பதாகவும் பேரன் வாக்களித்தான். அவர் சம்மதித்தார்.

பெட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லது. உள்ளே இருப்பது வெளியே தெரியும். இன்னது என்று மேலே சீட்டும் ஒட்ட வேண்டும். இங்கிலாந்தின் மழைக்கு எந்த மூடியும் முழுமையாகத் தாங்காது. ஆதலால் குறிப்பேட்டைத் தனியே ஓர் உறையில் இட வேண்டும். இடத்தின் எண்ணை ஒருமுறை மட்டும் பார்த்து எழுதக் கூடாது. வெவ்வேறு நாள்களில் பலமுறை அளந்து சரிபார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு, இடைவெளி வேண்டும். தன்னார்வலர் ஒருவர் இவற்றையெல்லாம் சரிபார்த்த பின்னரே பெட்டி வரைபடத்தில் வெளியாகும்.

பராமரிக்க இயலாத தொலைவில் வைப்பதற்கும் அனுமதியில்லை. ஊர் திரும்பவிருந்த என் பெயரில் அதனைப் பதிவு செய்யாமல் மருமகன் பெயரில் செய்தது அதனால்தான். வீடு மாறிச் செல்பவர் தம் பெட்டியை எடுத்துவிட வேண்டும். அல்லது பொறுப்பேற்கும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். கைவிடப்பட்ட பெட்டி வெறும் குப்பை.

அந்தப் பெட்டியைத் தேடி வந்தவர்கள் இதுவரை வேலியின் ஓர் இலையையும் கெடுக்கவில்லை. அம்மையார் சில மாலைகளில் தாமே குறிப்பேட்டைத் திறந்து, அன்று வந்தவர்களின் பெயர்களைப் படித்துப் பார்ப்பதாக மகள் எழுதியிருக்கிறாள். விளையாட்டே வேண்டாம் என்றவள்தான், இப்போது மழைக்காலத்தில் உறையை மாற்றி வருகிறாள்.

சகோதர சகோதரிகளே! பிள்ளைகளைக் கைப்பேசித் திரையிலிருந்து எழுப்பி நடக்க வைக்க இதுவோர் எளிய வழி. அதே கைப்பேசிதான் வழியும் காட்டுகிறது. ஆனால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பிக்காதீர்கள். பிறர் நிலத்தில் அனுமதியுடன் நடக்கவும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும், தமக்குப் பின் வருபவரை நினைக்கவும், கேட்பவரிடம் உண்மையை இன்முகத்துடன் சொல்லவும் கற்பியுங்கள். இவ்விளையாட்டில் மறைந்திருக்க வேண்டியது பெட்டி ஒன்றுதான். தேடுகின்ற மனிதன் மறைய வேண்டியதில்லை.