ஒரு செட்டு மாத்திரை

தோழர்களே, இந்த முறை ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். அரசியல் தானாகவே உள்ளே வந்துவிடும்.

என் பெரியம்மாவுக்கு 58 வயதில் இடுப்பு வலி தொடங்கியது. நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று சின்ன வயதிலிருந்து குனிந்தே உழைத்தவர். கிளினிக்கில் முதல் கேள்வி, "என்ன வேலை செய்யிற?" சொன்னார். "அப்புறம் வலிக்காம என்ன பண்ணும்?" அத்தோடு பரிசோதனை முடிந்தது. ஒரு வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். அடுத்த எட்டு மாதமும் மெடிக்கலில் "ஒரு செட்டு மாத்திரை" வாங்கித்தான் ஓட்டினார். பெயர் தெரியாதபடி வெட்டி, காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அதுதான். அந்தப் பொட்டலத்தில் டைக்ளோபினாக் மாதிரி ஏதோ ஒரு வலி மாத்திரை கட்டாயம் இருக்கும். அதைப் போட்டால்தான் மறுநாள் குனிய முடியும், குனிந்தால்தான் கூலி.

கால் வீங்கி, வாந்தி நிற்காமல் அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது கிரியேட்டினின் 6.4. அவர் வயதுப் பெண்களுக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. "உப்பு ஏறிடுச்சு" என்றார்கள். ஏன் ஏறியது என்று ஒரு இளம் மருத்துவர்தான் விடாமல் தேடினார். மல்டிபிள் மைலோமா என்று தெரிந்தது.

இது எலும்பு மஜ்ஜையில் வரும் இரத்தப் புற்றுநோய். கெட்டுப்போன பிளாஸ்மா செல்கள் ஒருவகைப் புரதத் துண்டுகளை அளவில்லாமல் கொட்டுகின்றன. அவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் இறுகி அடைத்துக்கொள்கின்றன. எலும்பு அரிக்கப்படுவதால் இரத்தத்தில் கால்சியம் கூடுகிறது, அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும். டைக்ளோபினாக் வகை மாத்திரைகளோ சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே குறைப்பவை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் உடம்பில் இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும்? வழக்கமான சிறுநீர்ப் பட்டைச் சோதனை பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும், இந்தப் புரதம் அதில் தப்பிவிடும்.

எல்லா இடுப்பு வலியும் மைலோமா ஆகிவிடாது, அது அரிதான நோய்தான். ஆனால் வாரக்கணக்கில் விடாத எலும்பு வலியோடு இரத்தசோகை, அசதி, அடிக்கடி காய்ச்சல் இருந்தால் தேட வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் இதே வலியோடு போனால் எக்ஸ்ரேவும் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். சேரியிலிருந்து போகிற கூலிக்காரிக்கு வலி அவள் உடம்பின் இயல்பு! விவசாய வேலை செய்பவர்களுக்கு மைலோமா சற்று அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, பூச்சிக்கொல்லி மீது சந்தேகம் இருக்கிறது. "என்ன வேலை?" என்ற கேள்வி நல்ல கேள்விதான். அதை நோயைத் தேடுவதற்காகக் கேட்டிருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு இப்போது வாரம் ஒருமுறை போர்டெசோமிப் ஊசி. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் அளவைக் குறைக்காமல் போடக்கூடிய மருந்து அது. டயாலிசிஸ் நின்றுவிட்டது, கிரியேட்டினின் 2.3-க்கு இறங்கியிருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் இன்னும் நன்றாக மீண்டிருக்கலாம் என்கிறார் மருத்துவர். வயலுக்கு இனி போக முடியாது. அந்தக் கூலிக்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் ஈடு தராது.

மாலைநேரப் பள்ளி நடத்தும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் மாதக்கணக்கில் செட்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கூடவே போய், ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கால்சியம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ் என்ற சோதனையின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். மெடிக்கலில் மாத்திரையைப் பெயர் தெரியும் அட்டையோடுதான் வாங்க வேண்டும்.