கெண்டித் தண்ணீர்

தரான் கடைவீதியில் கண்ணாடி அலமாரிக்குள் முகம் பார்க்கலாம்போல மினுங்கிய ஒரு குக்ரிக் கத்தியை வாங்கிக்கொண்டுதான் கொல்லர் பட்டறைக்குப் போனேன். கிழக்கு நேபாளத்தில் மலை தொடங்கும் இடத்தில் இருக்கிற ஊர் இது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கூர்க்கா படைக்கு இங்கே ஆள் எடுத்தார்கள்.

பட்டறையில் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர், பிடி ஆடிப்போன தன் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுப் படைக்குப் போனவர்களை இங்கே 'லாஹுரே' என்கிறார்கள். ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களால் வந்த பெயர். அவர் என் கத்தியை வாங்கி ஒருமுறை வீசிப் பார்த்தார்.

"சுவரில் மாட்டு, தம்பி."

பளபளப்பு இருட்டில் ஆளைக் காட்டிக்கொடுக்குமாம். எருமைக்கொம்புப் பிடி வறண்ட குளிரில் வெடித்துவிடும், மரப்பிடி தாங்கும். பிடிக்குள் போகும் இரும்பு கடைசிவரை போகிறதா என்று பார்க்கச் சொன்னார். உருவினால் ரத்தம் பார்க்காமல் உறைக்குள் போகாது என்ற கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "நாற்பது வருஷம் இதில் விறகு பிளந்தேன், முள் வெட்டினேன், வெங்காயமும் நறுக்கினேன்."

கொல்லரை 'தாய்' என்று கூப்பிடச் சொன்னார்கள். நேபாளியில் அண்ணன். மீசைக்காரரை அப்படி அழைக்க எனக்கு நாக்கு கூசியது.

இரும்பு, லாரி ஸ்பிரிங் பட்டை. நம் ஊர் அரிவாளுக்கும் அதுதானே! அடித்து, வளைத்து, அரம் போட்டு வடிவம் வந்தபிறகு கத்தியை மறுபடி உலையில் வைத்தார். செந்நிறம் பரவியதும் குறட்டால் எடுத்து வாய்ப்பக்கத்தை மேலே திருப்பிப் பிடித்தார். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லை, ஒரு கெண்டிதான். அதன் மூக்கிலிருந்து நூலாக விழும் தண்ணீரை வாயை ஒட்டியே முன்னும் பின்னும் ஓட்டினார். உஸ்ஸென்ற சத்தம் மெல்லத் தணிந்தது. வாய் மட்டும் இறுகும், முதுகு கொஞ்சம் இளகியே இருக்கும். முழுக்க முக்கியெடுத்தால் கல்லில் பட்டதும் ஒடிந்துபோகும்.

ஆறியதும் வாயில் அரத்தை ஓட்டினார். வழுக்கியது. என்னுடையதை நீட்டினேன். அதில் அரம் கடித்தது. வெள்ளைத் துகள் உதிர்ந்தது. லாஹுரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இந்தக் கொல்லர்கள் காமி சாதியினர். தீண்டாமைக்கு இருந்த சட்ட ஆதரவு 1963-இல் போயிற்று. தசைன் பண்டிகையில் கத்தியை வைத்துக் கும்பிடும் சில வீடுகளில், செய்தவர் இன்னும் வாசலோடு நின்றுவிடுகிறார். அதைக் கொல்லர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மரப்பிடி போட்ட மங்கலான குக்ரி ஒன்றை எடுத்து விலை கேட்டேன். கடையில் கொடுத்ததில் பாதி சொன்னார்.

"இவ்வளவுதானா?"

"கடைக்காரர் எனக்கு இதிலும் பாதிதான் தருவார்" என்றபடி துருத்தியைச் சுற்ற ஆரம்பித்தார்.