அசையும் சுவருக்கு அளவெடுத்தல்

மேல்தாடையில் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தவர் வாயைத் திறந்தால், அண்ணம் இருந்த இடத்தில் மூக்கின் உட்புறம் தெரியும். குடித்த தண்ணீர் மூக்கில் வழியும். 'அப்பா' என்று கூப்பிட்டால் 'அம்மா' என்று கேட்கும். அந்தத் திறப்பை அடைக்கும் பல்செட்டுக்கு ஆப்டுரேட்டர் என்று பெயர். என் வாழ்நாள் வேலை அதுதான்.

அளவெடுக்க உட்காரும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். அச்செடுக்கும் ஆல்ஜினேட்டைக் குழைப்பதற்கு முன், வாஸ்லின் தடவிய காஸை நூல்கட்டி மேலே உள்ள சந்துகளில் வையுங்கள். இல்லாவிட்டால் கூழ் மூக்குக்குள் ஏறி இறுகி, இழுக்கும்போது துண்டாகி உள்ளேயே தங்கிவிடும். கதிர்வீச்சு வாங்கிய சவ்வு லேசாக உரசினாலே புண்ணாகும்.

கன்னப் பக்கத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அறுவையில் வைத்த ஒட்டுத்தோலும் வாய்ச் சவ்வும் சேருமிடத்தில் தழும்பு கயிறுபோல இறுகி நிற்கும். செட்டில் குழிக்குள் போகும் பகுதியான பல்ப் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்தால் நல்ல பிடிப்பு. கிரீன்ஸ்டிக் என்ற அச்சுப்பொருளை இளக்கித் தட்டின் ஓரத்தில் ஒட்டி, "வாயைப் பெரிசாத் திறங்க, தாடையை ரெண்டு பக்கமும் கொண்டு போங்க, முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். தாடை அசையும்போது கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை முன்னே வரும். அசைக்காமல் எடுத்த அச்சு அங்கே குத்தும்.

என் ஆசிரியர் இந்தக் கட்டத்தில் நோயாளியை எண்ணச் சொல்லிக் காதைக் கொடுப்பார். ஒரு மாணவர் மூக்குத்தண்டுப் பக்கமும் பல்ப்பை உயர்த்தியிருந்தார். பேச்சில் கசிவே இல்லை. ஆனால் மூக்கு அடைத்த குரல். ஆசிரியர் டிரிம்மரை எடுத்து அந்தப் பக்கத்தைத் தாழ்த்தினார். "மூச்சுக்கும் வழி விடுப்பா" என்றார், அவ்வளவுதான்.

கனம் அடுத்த கவலை. பல்ப்பைத் திடமாக வார்த்தால் கொக்கி மாட்டிய பற்கள் ஆடிப்போகும். அக்ரிலிக்குக்கு நடுவே உப்பைப் பொதிந்து வேகவைத்து, துளையிட்டுத் தண்ணீரில் கரைத்தெடுக்கலாம். அந்தத் துளையை அடைப்பதில் மட்டும் அவசரம் கூடாது; எச்சில் உள்ளே இறங்கினால் நாற்றம் போகாது.

அறுவை மருத்துவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: கத்தி வைக்கும் முன்பே நோயாளியை எங்களிடம் அனுப்புங்கள். அப்போது அளவெடுத்தால்தான் அறுவை மேசையிலேயே மாட்டும் தட்டைச் செய்து தர முடியும். அதன்பின் தற்காலிகச் செட். குழி ஆறி உருவம் நிலைத்த பிறகு, பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில், நிரந்தரச் செட். அதுவரை வாய்திறக்கும் பயிற்சியை நோயாளி கைவிட விடாதீர்கள். மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாய் பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்லுங்கள். வாய் இறுகிப்போனால் எவ்வளவு நன்றாகச் செய்த செட்டும் உள்ளே போகாது.